கழுத்து வரைக்கும் தண்ணீர்

குக்கரைத் தூக்கிக்கொண்டு யாரும் குளியலறைக்குப் போவதில்லை. மருமகள் போய்க்கொண்டிருந்தாள். குக்கர் நிறையத் தண்ணீர். மூடியின் மேல் ஒரு கைத்துணி வேறு. கூடத்தைத் தாண்டிவிட்டால் போதும். கூடத்தில்தான் அத்தை உட்கார்ந்திருந்தார்.

"என்ன அது?"

"கிழங்கு, அத்தை."

"கிழங்கு எதுக்கு பாத்ரூமுக்குப் போகுது?"

மருமகள் குக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளறைக் கட்டிலிலிருந்து மாமாவின் குரல்தான் வந்தது. உடம்பு மெலிந்த அளவுக்குக் குறும்பு மெலியவில்லை.

"குளிக்கத்தான் போகுது, விடு! இந்த வீட்டுல அதுக்காவது குடுத்து வெச்சிருக்கே!"

மழை ஏமாற்றிய கோடை அது. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். வீட்டுக்கு இத்தனை வாளி என்று குடியிருப்புச் சங்கம் முடிவெடுத்தபோது, மொட்டைமாடித் தொட்டியின் வால்வுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று யாரும் யோசிக்கவே இல்லை. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அத்தையிடம் கொடுத்துவிட்டார்கள். குளித்த தண்ணீர்தான் செடிக்கு என்பது அவர் போட்ட விதி. நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றிய மூன்றாம் மாடித் தையற்காரரைப் படிக்கட்டில் நிறுத்தி அவர் விசாரித்த விசாரணை, கீழ்த்தளம் வரை கேட்டது. குடியிருப்புப் பிள்ளைகள் அவருக்கு 'வால்வு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் ஒருவருக்குத்தான் இருந்தது.

மாமா தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கி வந்ததும் குளியல் தொட்டியில் கழுத்து வரைக்கும் தண்ணீரை நிரப்பிப் படுத்துக்கொண்டு, சுருதியே சேராமல் பாடுவார். அத்தை வெளியே நின்று கதவைத் தட்டுவார். அப்பா அம்மா போட்ட சண்டையில் பாதி அந்தக் கதவு வழியாகத்தான் நடந்தது என்று மருமகளிடம் அவள் கணவன் சொல்லியிருக்கிறான். இனி நாள்கணக்குதான் என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கழுத்து வரைக்கும் ஒரு குளியல்.

"ஈரத்துணியால துடைச்சு விடறேங்க" என்றார் அத்தை.

"நான் என்ன பஸ் கண்ணாடியா?" என்றார் மாமா.

அன்றிலிருந்துதான் மருமகள் தன் பங்குத் தண்ணீரில் மிச்சம் பிடித்துக் குளியல் தொட்டியில் சேர்த்து வந்தாள். இன்று காலையிலிருந்து மாமா கஞ்சியைக்கூட வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் இன்னும் கணுக்காலுக்குக்கூட வரவில்லை.

அத்தை குளியலறைக்குள் போனார். தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். வெளியே வந்தவர், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"அத்தை, சங்கத்துல சொல்லிடாதீங்க. எல்லாம் என் பங்குதான்."

அத்தை திரும்பவே இல்லை. மருமகள் பின்னாலேயே ஓடினாள். மூன்றாம் மாடியில் அத்தை நின்று தையற்காரரின் கதவைத் தட்டினார். கழுத்தில் அளவு நாடாவோடு வந்த தையற்காரர், ஆளைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"செடிக்கு இன்னிக்கு ஒண்ணுமே ஊத்தலம்மா. வேணும்னா மண்ணைத் தொட்டுப் பாருங்க."

"அதுக்கு வரல. உங்ககிட்ட ஒரு வாளி தண்ணி இருக்குமா?"

"உங்களுக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. தொட்டியில குளிக்கணுமாம்." அத்தையின் கை இடுப்புச் சாவியைத் தொட்டது. "சாவி என்கிட்டதான் இருக்கு. திறந்துக்கலாம். ஆனா அது எல்லாரோட தண்ணி இல்லையா? கேட்டுத்தானே எடுக்கணும்."

தையற்காரர் மருமகளைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"அபராதம் போடுவீங்களா?"

"போடுவேன். எனக்கு."

அவர் உள்ளே போனார். ஒரு வாளிதான் கேட்டது. இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு வந்தார். அதற்குள் பிள்ளைகள் படிக்கட்டு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினார்கள்: "வால்வு திறந்துடுச்சு! வால்வு திறந்துடுச்சு!"

விஷயம் தெரிந்து அடுத்தடுத்துக் கதவுகள் திறந்தன. குடத்தில் ஒருத்தி, பெயின்ட் டப்பாவில் ஒருவர், குழந்தையின் பால் புட்டியில் ஒரு வாண்டு. "டீச்சரம்மா, நேத்து நான் பாத்திரம் கழுவினதுக்குத் திட்டினீங்களே, அதுல மிச்சம் பிடிச்சதுதான் இது" என்று ஒருத்தி குத்திக் காட்டிவிட்டே ஊற்றினாள். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் பதில் பேசாமல் நின்றதை அந்தக் கட்டடம் அன்றுதான் பார்த்தது.

கணவனும் தையற்காரரும் மாமாவைத் தூக்கி மெதுவாக இறக்கினார்கள். தண்ணீர் மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, கழுத்தில் வந்து நின்றது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சோப்பு எங்க?" என்றார் மாமா.

அத்தை சோப்பை நீட்டக் குனிந்தார். மாமாவின் கை தண்ணீரை ஒரு அடி அடித்தது. அத்தையின் முகம், கண்ணாடி, புடவை எல்லாம் ஈரம்.

"ஏங்க! தண்ணி வெளிய சிந்துது!"

வாசல் வரைக்கும் சிரிப்பு வெடித்தது. மாமாவும் சிரித்தார். அத்தைதான் கண்ணாடியைக் கழற்றி, ஈரப் புடவையாலேயே அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் வெளிய போங்க" என்றார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்சநேரத்தில் சுருதி சேராத பாட்டு ஒன்று மெல்லக் கேட்டது. இந்தத் தடவை யாரும் கதவைத் தட்டவில்லை.

சாயங்காலம், தலைமுடி காயும் முன்பே, தூக்கத்தில் மாமா போய்விட்டார்.

காலையில் வந்த உறவுக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தண்ணிக் கஷ்டம்னு தெரியும். ஆனாலும் உடம்பைக் குளிப்பாட்டணுமே…"

"அவர் குளிச்சாச்சு" என்றார் அத்தை. "கழுத்து வரைக்கும்."

சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அழுதுகொண்டிருந்த மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் கணவனுடைய தோளும் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் இறங்கியிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கூடத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த மருமகள், வாசலில் தையற்காரர் நிற்பதைப் பார்த்தாள். கையில் காலி வாளி.

"தப்பா நினைக்காதம்மா" என்றார் கூச்சத்தோடு. "தொட்டித் தண்ணி அப்படியே இருக்கும்ல? குளிச்ச தண்ணிதானே செடிக்கு… அம்மாவோட விதி. வீணாப் போனா அவங்களுக்குப் பிடிக்காதுன்னுதான்."

"எடுத்துக்கங்க, வாங்க."

இருவரும் குளியலறைப் பக்கம் போனார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே அத்தையின் செருப்பு; அதன் பக்கத்தில் மடித்து வைத்த கண்ணாடி. மருமகள் தட்டுவதற்காகக் கையைத் தூக்கினாள்.

உள்ளே தண்ணீர் அசைந்தது. யாரோ மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, நன்றாக அமிழ்ந்துகொள்ளும் சத்தம்.

மருமகள் கையை இறக்கிக்கொண்டாள். தையற்காரர் வாளியைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்.