நிறை இரண்டு, குறை மூன்று, கழுதை ஒன்று

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ஓர் அனிமேஷன் மாயாஜாலப் படத்துக்கு விமர்சனம் எழுதத்தான் உட்கார்ந்தேன். 'நிறைகள்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். கோடு நன்றாக வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. விமர்சனம் எழுத வராதவன் என்ன செய்வான்? விமர்சகரைப் பற்றிக் கதை எழுதுவான்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: 'வானம் ஊதா நிறத்தில் வெடித்தபோது, டிராகன் தன் இறக்கைகளை—'

வேண்டாம். அது படத்தின் தொடக்கம்.

இரண்டாம் முயற்சி: விமர்சகருக்கு மாலை நான்கு மணி வரை நேரம் இருந்தது. பத்திரிகையில் அவருக்கு ஒதுக்கிய கட்டத்தில் நிறை மூன்று, குறை மூன்று வர வேண்டும். படம் எப்படிப்பட்டதானாலும் ஆசிரியருக்குத் தராசு நேராக நிற்க வேண்டும்.

குறைகள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. டிராகன் கக்கிய தீயைவிட அறிவுரை அதிகம். கதாநாயகன் மூன்று முறை சாகிறான். ஒரு முறைகூட நமக்கு நம்பிக்கை வரவில்லை. இளவரசியின் கூந்தலில் ஒவ்வோர் இழையும் தனித்தனியாக அசைகிறது. முகம்தான் அசைய மறுக்கிறது.

நிறைகளில் இரண்டு தேறின. ஒன்று, மழை. (உண்மையிலேயே நல்ல மழை. பக்கத்து இருக்கைக்காரர் தலையைத் துடைத்துக்கொண்டார்.) இரண்டு, இடைவேளை சரியான நேரத்தில் வந்தது.

மூன்றாவது, அந்தப் படத்தில் அவர் கண் கலங்கிய ஒரே இடம். அரண்மனைச் சுவரில் ஒன்பது விநாடி ஒரு கழுதையின் நிழல் நடந்து போகிறது. காதை ஆட்டுகிறது. ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது. கழுதையைத்தான் காணோம்.

'இல்லாமையின் பேருருவை இதைவிட—' என்று அவர் எழுதிக்கொண்டிருந்தபோது தங்கை கதவைத் தட்டினாள்.

3.

[இந்தத் தங்கை மீது எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். கதைக்குத் தேவைப்பட்ட நிமிடத்தில் வந்து நிற்கிறாள். ஆனால் அண்ணன் எந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடி வந்திருக்கிறாள்.]

அந்தப் படத்துக்கு நிழல் போட்டவள் அவள். நிழல் மட்டும். உருவங்களை வேறு ஆட்கள் செய்வார்கள். அவற்றின் நிழல்கள் தரையிலும் சுவரிலும் விழுவதைக் கம்ப்யூட்டரில் செய்வது அவள் வேலை.

"அண்ணா, கழுதையைப் பத்தி எழுதிடலையே?"

"அதைத்தான் எழுதிட்டிருக்கேன். என்ன ஒரு கற்பனை."

"கற்பனையும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. இளவரசன் பறக்கிற படகுல வரட்டும்னு டைரக்டர் கழுதையைத் தூக்கிட்டாரு. எல்லா ஷாட்லயும் நிழலையும் அழிக்கச் சொன்னாங்க. ஒண்ணுல நான் அழிக்கலை."

"மறந்துட்டியா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"ஸ்டுடியோவுல ஒருத்தர்கூடவா கவனிக்கலை?"

"அவங்க எங்க படம் பாக்குறாங்க? விமர்சனம்தான் படிப்பாங்க. நீ ஒரு வரி எழுதினா என் சீட்டு கிழிஞ்சுடும்."

"நிறையிலதாம்மா போடறேன்."

"எதுல போட்டா என்ன? யார் விட்டதுன்னுதானே தேடுவாங்க."

உள்ளறையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது.*

* இங்கே விமர்சகரின் மனைவி இருந்தார். அண்ணன் தங்கை இருவரையும்விட விவரமானவர். இடம் போதாமல் அவரை நீக்கிவிட்டேன். இருமலை நீக்க மறந்துவிட்டேன். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்களேன்.

4.

விமர்சகரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். தங்கையிடம் குரலை உயர்த்துங்கள் என்றால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். சரி, அவர் போக்கிலேயே விட்டுவிட்டேன். கழுதையை அடித்தார். அந்த இடத்தில் 'திரையரங்கின் நாற்காலிகள் வசதியாக இருந்தன' என்று எழுதித் தங்கையிடம் நீட்டினார்.

அவள் நிறைகளைப் படித்தாள். குறைகளைப் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"கழுதை எங்க?"

"நீதானே வேண்டாம்னே?"

"சொன்னேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கடைசியா சரிபாக்கும்போது பாத்தேன்ணா. அழிக்கக் கை வரலை. எட்டு மாசம் அந்தக் காதோட மல்லுக்கட்டியிருக்கேன். அது திரும்பிப் பாக்குதுல்ல, அதை யாரும் கேக்கலை. நானாத்தான் வெச்சேன்."

"இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"வேலை போகக் கூடாது."

"போகாது. அதான் அடிச்சுட்டேனே."

அவள் தாளை மறுபடி பார்த்தாள்.

"குறையிலயாவது போட்டிருக்கலாம்."

5.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. முதலாவதில் அவளுக்கு வேலை போகிறது. இரண்டாவதில் டைரக்டர் அந்த நிழல் தன் யோசனைதான் என்று பேட்டி கொடுத்து, அடுத்த படத்தில் எல்லாருடைய உடம்பையும் நீக்கச் சொல்கிறார். மூன்றாவதில் கழுதை நேரில் வந்து நன்றி சொல்கிறது. (அதை எழுதும்போது எனக்கு லேசாகக் காய்ச்சல்.)

ஆனால் அவள் அந்தக் கடைசி வரியைச் சொன்ன பிறகு மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மணி நான்காகப் பத்து நிமிடம். விமர்சகர் பேனாவைத் தங்கையிடம் நீட்டுகிறார். அவள் வாங்க மாட்டேன் என்கிறாள். அவர் என்னைப் பார்க்கிறார். எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், ஐயா. நான் இதில் தலையிட மாட்டேன்.

ஆகவே பேனா உங்களிடம். நாற்காலி வரியை அடித்து இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வரிதான் கொள்ளும். ஸ்டுடியோக்காரர்கள் படித்தால் புரியக் கூடாது. அவள் படித்தால் புரிய வேண்டும். உங்கள் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். பார்த்து எழுதுங்கள்.

நிறை 3: