சுணைப்பருத்தி

பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த மாசானம், நெடி தலைக்கேறி வரப்பிலேயே விழுந்து செத்தான். பாழாய்ப்போன அந்த மருந்து இனி நம் காட்டுக்குள் நுழையக் கூடாது என்று கருமாதி அன்றே சத்தியம் பண்ணினாள் அவன் பெண்டாட்டி இசக்கித்தாய். செத்தவன் கடைசியாகத் தொட்ட சாமானை வருஷம் திரும்பும்வரை தொடாதிருப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் அவனுடைய தெளிப்பான், காட்டு வேம்பிலேயே தொங்கியது.

இந்த வருஷம் இலையில் சுணை அடர்ந்த பருத்தியாகப் பார்த்து விதைத்தாள். சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி அந்த ரோமத்தைத் தாண்டி வாய் வைக்க முடியாது. காய்ப்புழுவுக்குக் குளவி. தூத்துக்குடித் துறைமுகத்துக் குடோனில் வேலை பார்க்கும் மகள் முத்துச்செல்வி, ஞாயிறுதோறும் பஸ்ஸில் குளவி அட்டை, அதாவது குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை, கொண்டுவருவாள். எள்ளில் பாதிகூட இல்லாத குளவிகள் அதிலிருந்து கிளம்பி, புழுவின் முட்டைக்குள் தங்கள் முட்டையை இட்டுவிடும். புழு முட்டை கறுத்துச் செத்துப்போகும். வேலியும் உண்டு, காவலும் உண்டு, இனி என்ன குறை என்று நிம்மதியாக இருந்தாள் இசக்கித்தாய்.

தை பிறந்தது. அட்டையிலிருந்த முட்டைகள் ஓட்டை விழுந்து வெறுமையாகிவிட்டன. ஆனால் இலையிலிருந்த முட்டை ஒன்றுகூடக் கறுக்கவில்லை. வெளியே வந்த குளவிகள் எங்கேதான் போயின? காட்டில் ஓர் அரவமில்லை. காற்றே இல்லாதபோதும் வேம்பில் தொங்கிய தெளிப்பானின் கைப்பிடி மட்டும் கிரீச்சிட்டது.

ஞாயிறன்று முத்துச்செல்வி ஓர் இலையைத் திருப்பி, செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அம்மா, இங்கன பாரு.”

சுணைக்குள் குளவிகள் கொத்துக் கொத்தாகச் சிக்கிக் கிடந்தன. சிலவற்றின் கால்கள் இன்னும் ஆடின. பக்கத்திலேயே, அதே ரோமத்தைப் பிடித்தபடி பத்திரமாகப் புழு முட்டை.

“நாம போட்ட வேலி நம்ம காவக்காரனையே அமுக்கிட்டும்மா. மூணு நாள்ல எல்லாம் பொரிச்சிரும். மருந்தடிக்காம பஞ்சு வீடு வந்து சேராது.”

“அந்தப் பேச்சை எடுக்காதளா,” என்றாள் இசக்கித்தாய். குரலில் பலமில்லை.

மறுநாள் காலை மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, உச்சிவேளையில் காட்டுக்குப் போனாள். கிரீச், கிரீச். சத்தம் வேம்பிலிருந்து வரவில்லை. கிளை வெறுமையாக இருந்தது. செடிகளுக்கு நடுவே மாசானத்தின் முழுக்கைச் சட்டை நடந்துகொண்டிருந்தது. முகத்தைச் சுற்றி அவன் துண்டு, முதுகில் தெளிப்பான், அதே கூனல் நடை.

“வந்துட்டியளா?” என்று கேட்டுவிட்டாள்.

உருவம் திரும்பியது. துண்டு நழுவியது. முத்துச்செல்வி.

“அடுத்த ஸ்டாப்லயே எறங்கி, மருந்து வாங்கிட்டு வந்துட்டேம்மா. நீ அடிக்க மாட்ட, அதான்...” என்றவள் தள்ளாடினாள்.

இசக்கித்தாய் ஓடிப்போய் வாரை அவிழ்த்துத் தெளிப்பானைத் தள்ளினாள். மகளை நிழலுக்கு இழுத்துவந்து, சட்டையைக் கழற்றி எறிந்து, குடத்துத் தண்ணீரை முகத்திலும் கையிலும் ஊற்றினாள். மூச்சு சீராகும்வரை மடியை விட்டு இறக்கவில்லை.

“புழு தின்னுட்டுப் போவட்டும். காடு போனா வேற பொழப்பு பாப்பேன். நீ போனா நான் எங்க போவேன்ளா?”

வருஷம் திரும்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவள் காத்திருக்கவில்லை. தெளிப்பானை மண்வெட்டியால் அடித்து நொறுக்கினாள்.

சாயங்காலம் கடல்காற்று வந்து வேம்பு முழுக்க ஆடியது. கிரீச்சொலி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் இசக்கித்தாய்க்குப் புருஷன் செத்த அழுகை வந்தது.