பெரியக்காவின் பறக்கும் படங்கள்

அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷமாக இருந்தாலும், கடைசியில் விளக்கை அணைத்துவிட்டுப் பெரியக்காவின் படக்காட்சி ஓடியாக வேண்டும். அது முடியாமல் யாரும் செருப்பைத் தேடியதில்லை.

பெரியக்கா அப்போது துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தாள். வீட்டில் கம்ப்யூட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லாத காலம், விசேஷத்தன்று மட்டும் ஒன்று வாடகைக்கு வரும். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் உட்காருவாள். கம்பெனி காசு கொடுத்து வாங்கிய ஆபீஸ் மென்பொருள் அதில் இருந்தது. மற்றவர்கள் அதில் கணக்குப் போட்டார்கள், கடிதம் அடித்தார்கள். ஸ்லைடு போடுகிற பகுதியைத் தொட்டது பெரியக்கா ஒருத்திதான். தொட்டவள் விடுவாளா?

அவள் ஸ்லைடில் எழுத்து சும்மா வந்து உட்காராது. ஒவ்வொன்றாகப் பாய்ந்து வரும், வரும்போது டைப்ரைட்டர் மாதிரி டக்டக்கென்று சத்தம் போடும். ஃபோட்டோ பம்பரமாகச் சுழன்று வந்து நிற்கும். நின்ற ஃபோட்டோ நின்றபடியே இருந்தால் பெரியக்காவுக்குப் பொறுக்காது. அது வெளியே போவதற்கும் ஒரு வித்தை வைத்திருப்பாள். பெரியப்பா துள்ளித் துள்ளிப் போவார். சித்தப்பா சதுரம் சதுரமாகக் கரைவார். அவர் தொப்பை கடைசியில் கரைந்தபோது கூடம் முழுக்கச் சிரித்த சிரிப்பில், சித்தப்பாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னை எப்படி அனுப்பப் போற?" என்று மாதக்கணக்கில் முன்னாடியே அவளைப் பிடித்துக்கொள்வார்கள். அடேங்கப்பா, அந்த நாளில் அவளுக்கு இருந்த கிராக்கி!

எல்லாம் ஒரு காலம். பெரியக்கா ஓய்வு பெற்றுவிட்டாள். சித்தப்பா, பெரியப்பா, அப்பா, அம்மா ஒருவரும் இப்போது இல்லை. தம்பி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, பல வருஷம் கழித்து அவளுக்குக் கை துறுதுறுத்தது. அப்போதுதான் தம்பி ஃபோன் பண்ணினான்.

"அக்கா, இந்தத் தடவை நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். வீடியோக்காரரைப் பேசியாச்சு. மூணு நிமிஷம், பாட்டோட. உனக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமமா? எனக்கா? டேய், உன் கல்யாணத்துக்குச் சோறு தண்ணி இல்லாம உக்காந்தவடா நான்."

"அதில்லக்கா..."

"சரி, அந்த மூணு நிமிஷத்துல புதுசு இருக்காளா?"

புதுசு என்றால் அவன் மனைவி, கல்யாணப் பெண்ணின் அம்மா. வீட்டுக்குக் கடைசியாக வந்த மருமகள் என்பதால் ஆளாளுக்குப் புதுசு, புதுசு என்று கூப்பிட்டு, குழந்தை பிறந்த பிறகும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. குழந்தை ஒன்றாம் வகுப்பு போகும்போது புதுசு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பின்னால் வீடு மாறிய அவசரத்தில் ஆல்பம் வைத்த பெட்டி வண்டியோடு எங்கோ போயிற்று. அவள் முகம் மிச்சம் இருந்தது பெரியக்காவின் பழைய படக்காட்சியில் மட்டும்தான்.

"இல்லக்கா. அவ இல்ல" என்றான் தம்பி.

"பொண்ணோட அம்மாடா அவ! அவ இல்லாம என்னடா படம்?"

"வேண்டாம்னா விடேன்!" என்று ஃபோனை வைத்துவிட்டான்.

பெரியக்காவா விடுவாள்? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று தம்பியை வரவழைத்தாள். சாப்பிட்ட கையோடு மடிக்கணினி முன்னால் உட்காரவைத்தாள். அந்தக் கணினியோடு வந்த ஆபீஸ் மென்பொருளுக்குக் கெடு முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது. மேலே ஒரு சிவப்புப் பட்டை எப்போதும் நிற்கும். பார்க்கலாம், ஓடவிடலாம், எதையும் மாற்றக்கூடாது. மாற்ற வேண்டுமானால் வருஷா வருஷம் சந்தா கட்டு. நமக்கு ஓடினால் போதும் என்று ஓடவிட்டாள்.

அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்குப் போட்ட படம் அது. அப்பா சுழன்று வந்தார், சுழன்று போனார். பெரியப்பா துள்ளினார். தொப்பை கரைந்தபோது தம்பி தன்னை மறந்து சிரித்தான். சரி, வழிக்கு வந்துவிட்டான் என்று பெரியக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. கடைசியாகப் புதுசு வந்தாள். இடுப்பில் குழந்தை. காற்றில் முடி பறக்க, யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் அப்படியே மேலே எழும்பி, திரையைத் தாண்டிப் பறந்து போனாள். ஸ்பீக்கரில் படபடவென்று கைதட்டல்.

தம்பி எழுந்துவிட்டான்.

"இதுக்குத்தான்க்கா வேண்டாம்னேன்." திரைக்கு முதுகைக் காட்டி நின்றான். "அவ போனப்புறம் ஒரு நாள் ஆசையா இதைப் போட்டுப் பார்த்தேன். மேல பறந்து போறா. எல்லாரும் கை தட்டுறாங்க. அன்னிக்கு மூடி வச்சவன்தான். என் பொண்ணு கல்யாணத்துல, அத்தனை பேர் முன்னாடி, இதை நான் பார்க்கணுமா?"

அந்த வித்தையைப் பெரியக்கா தானாக வைக்கவில்லை. புதுசேதான் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "அக்கா, அக்கா, எல்லாரையும் பக்கவாட்டுல அனுப்புறீங்க. என்னை மட்டும் நல்லா உயரமாப் பறக்க விடுங்கக்கா!" அதை இப்போது தம்பியிடம் சொல்லி என்ன பயன்? அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டான்.

அந்தப் பறத்தலை எடுத்துவிட்டால் போதும். ஒரு பொத்தான் வேலை. பெரியக்கா உடனே உட்கார்ந்து அழுத்தினாள். பொத்தான்கள் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன. எங்கே தொட்டாலும் வங்கி அட்டை எண்ணைக் கொடு என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

"போனவளைப் பிடிச்சு நிறுத்துறதுக்குக் கூடச் சந்தாவாடா?" என்று பெரியக்கா கணினியைப் பார்த்தே கத்தினாள். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். கோபத்தில் இருக்கும்போது அவளிடம் கேள்வி கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்கார அம்மா காகிதக் கட்டைப் பிரித்துக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள்.

"இதுக்கா இவ்வளவு கவலை? எங்க கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கற மென்பொருள் பூரா இலவசம்தான். யாரோ நாலு பேர் சேர்ந்து எழுதி, எல்லாரும் எடுத்துக்கோங்கன்னு போட்டிருக்காங்க. உங்க பழைய ஃபைலும் அதுல தெறக்கும்."

"ஓசியிலயா? ஏமாத்து வேலையா இருக்கப் போகுது."

"எங்களை இத்தனை வருஷமா யாரும் ஏமாத்தலைங்க" என்றாள் அந்த அம்மா, ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதிக்கொடுத்து.

பெரியக்கா வீட்டுக்கு வந்து, பணப்பையைக் கண்ணுக்கெட்டாத இடத்தில் வைத்துவிட்டு, பயந்து பயந்து அந்த மென்பொருளை இறக்கினாள். அடுத்து அழுத்து என்றது. அழுத்தினாள். இப்போது கேட்கும் பார், இப்போது கேட்கும் பார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அட்டை எண்ணும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. முடிந்தது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றது. ஒன்றுமே கேட்காததில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் கூடியது.

பழைய ஃபைலைத் திறந்தாள். ஐயோ, என்ன கண்றாவி! அவள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வளைந்த எழுத்தைக் காணோம். வேறு ஏதோ எழுத்து தடிதடியாக வந்து தலைப்பை ஓரத்துக்கு வெளியே தள்ளியிருந்தது. டைப்ரைட்டர் சத்தம் இல்லை. எத்தனை சனிக்கிழமை! எல்லாவற்றையும் பிறகு சரி பண்ணலாம், முதலில் அந்தப் பறத்தல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம் என்று ஓடவிட்டாள்.

அப்பா வந்தார். போகவில்லை. அவர் மேலேயே அம்மா வந்து நின்றாள். அம்மாவின் தோளை மறைத்தபடி பெரியப்பா, பெரியப்பாவை ஒட்டிச் சித்தப்பா, தொப்பை துளியும் கரையாமல். இந்த மென்பொருளுக்கு ஆட்களை வரவழைக்கத் தெரிந்திருந்தது, அனுப்பத் தெரியவில்லை. திருவிழாக் கூட்டம் மாதிரி எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோருக்கும் கடைசியாக, எல்லோருக்கும் முன்னால், புதுசு குழந்தையோடு வந்தாள்.

பெரியக்கா சுட்டியின் மேல் கையை வைத்தபடி காத்திருந்தாள். புதுசு சிரித்துக்கொண்டே நின்றாள். எங்கேயும் போகவில்லை. கைதட்டலும் இல்லை.

பெரியக்கா அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பாவி, இங்கேயே இருக்கியாடி என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்புறம் கையை எடுத்துவிட்டாள். ஒன்றையும் தொடவில்லை, ஒன்றையும் திருத்தவில்லை. தலைப்பு கூட ஓரத்துக்கு வெளியே அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தம்பியிடம் சொன்னாள். "பறக்க மாட்டாடா. சத்தியமா."

"நீ எடுத்துட்டியா?"

"நான் தொடவே இல்ல. இந்த ஓசி மென்பொருளுக்கு ஆளை அனுப்பத் தெரியலடா."

அவன் வந்து பார்க்க மறுத்துவிட்டான். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று பெரியக்கா கல்யாண வரவேற்புக்கு மடிக்கணினியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் வீடியோக்காரர் மரியாதையாகக் கையை நீட்டினார்.

"பென் டிரைவ்ல குடுங்கம்மா. எங்க கம்ப்யூட்டர்லயே ஓட்டிடலாம். நாங்க காசு குடுத்து வாங்கின ஒரிஜினல் வச்சிருக்கோம். எல்லா எஃபெக்டும் சூப்பரா வரும்."

பெரியக்கா மடிக்கணினியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "அந்த ஒரிஜினல்தான்யா வேண்டாம்கறேன்! என் கம்ப்யூட்டர்லதான் ஓடணும்."

"இது ரொம்பப் பழசும்மா, நடுவுல நின்னுடும்."

"நிக்கட்டும். நிக்கணும்னுதான் தூக்கிட்டு வந்திருக்கேன். வயரை எடுத்துச் சொருகு."

அந்தக் குரலுக்கு மேல் யார் பேச முடியும்? வீடியோக்காரர் சொருகினார். விளக்கு அணைந்தது. அப்பா வந்து நின்றார், அம்மா வந்து நின்றாள். பெரியப்பா வந்து அம்மாவின் தோளை மறைத்தபோது கூட்டம் குபீரென்று சிரித்தது. "பெரியக்கா, வண்டி நிறைஞ்சு போச்சு!" என்று யாரோ கத்தினார்கள். தம்பி மட்டும் மேடையோரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றான்.

புதுசு வந்தாள்.

சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. மணப்பெண் மெல்ல எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். அம்மாவின் இடுப்பில் இருந்த தன்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தை, அம்மா இவ்வளவு சிரிப்பாங்களா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"வாயை மூடச் சொன்னாத்தான் மூடுவா" என்றாள் பெரியக்கா.

தம்பி இன்னும் தலையைத் தூக்கவில்லை. கைதட்டலுக்காகக் காத்திருக்கிறான் என்று பெரியக்காவுக்குப் புரிந்தது. அவன் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். "பாருடா. போகல."

அவன் நிமிர்ந்தான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். படம் தன் பாட்டுக்கு நின்றது.

"முடிஞ்சுதுங்களா? எடுத்துடலாமா?" என்று வீடியோக்காரர் கேட்டார்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றான் தம்பி. முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு, சட்டையைச் சரிசெய்து, மகளுக்குப் பக்கத்தில் திரையை ஒட்டிப் போய் நின்றான். "உங்க கேமராவைக் கொண்டாங்க. எங்க மூணு பேரையும் சேர்த்து ஒண்ணு எடுங்க."