விபத்து இல்லை

"விபத்தான்னு கேக்கறேன்மா," என்றார் பிணவறை எழுத்தர், படிவத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே. "ரெண்டு கையிலயும் கட்டைவிரல் இல்லன்னு எழுதியிருக்கு. விரல் போயிருக்குன்னா விபத்து. விபத்துன்னா போலீஸ் வரணும்."

"பிறவியிலேயே இல்லய்யா! நாப்பத்தாறு வருஷமா இல்ல. இன்னிக்குக் காலையில தொலைக்கல."

"அதை ஒரு டாக்டர் எழுதித் தரணும்ல?"

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தச் சன்னலுக்கு மூன்றாவது நடை. இருந்தவரை தம்பி எந்தக் காகிதத்துக்கும் அடங்கியதில்லை. செத்தும் அடங்க மாட்டேன் என்கிறான்.

தம்பி சலூன் வைத்திருந்தான். காலை பதினொரு மணிக்கு ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். ஆட்டோ பிடித்துத் தூக்கி வந்ததும் அந்த வாடிக்கையாளர்தான். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியும் மறுபக்கம் காடாகவும், கழுத்தில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் பெஞ்சில் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கிளம்புங்க சார்," என்றாள் அக்கா.

"எப்படிம்மா கிளம்புறது?" என்றார் அவர். எதைச் சொல்கிறார் என்று கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

கத்தரிக்கோலை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டித்தான் தம்பி வெட்டுவான். சவரக்கத்தியைக் கண்டு புது ஆட்கள் நெளிந்தால், "பயப்படாதீங்க. எட்டுதான், ஆனா எட்டும் உருப்படியான விரலு" என்பான். ஆறு வருஷத்துக்கு முன்னால் மயங்கி விழுந்தபோது, இதே ஆஸ்பத்திரி மாடியில் இதய டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். கருவில் கையும் இதயமும் உருவாகிற நாட்களில் ஒரு மரபணு பிசகியதால் இரண்டும் கோணிப்போயிருக்கின்றன. லட்சத்தில் ஒருவருக்கு வருகிற கோளாறு. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. துடிப்பு நடுநடுவே நின்று வருகிறது, பேஸ்மேக்கர் வைத்தே ஆகவேண்டும்.

"வெச்சிருவோம் டாக்டர்," என்றான். அடுத்த மாசம் என்றான். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடையில் கூட்டம் என்றான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அக்கா கத்திக் கத்தித் தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம்.

"வா குருவி," என்று கூட வந்திருந்த தம்பி மகளை இழுத்துக்கொண்டு, அதே டாக்டரம்மாவிடம் எழுதி வாங்க மாடிப்படி ஏறினாள் அக்கா. குருவிக்கு இருபத்திரண்டு வயது, கூரியர் ஆபீசில் வேலை. அவளுடைய வலது கட்டைவிரல் சுண்டுவிரலைவிடச் சின்னது.

டாக்டரம்மா, 'பிறவிக் குறைபாடு, விபத்து இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். காகிதத்தை நீட்டும்போது வாங்க வந்த குருவியின் கையைப் பார்த்தார்.

"பொண்ணா? உனக்கு ஈசிஜி எடுத்தாச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். நல்லாத்தான் இருக்கேன்."

அப்பனின் அதே இழுவை. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கப்பனும் இதையேதான் சொன்னான்! நல்லாத்தான் இருக்கேன், நல்லாத்தான் இருக்கேன்னு. இப்பக் கீழ நல்லாத்தான் படுத்திருக்கான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. குருவி தரையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கீழே இருந்து சித்தப்பா. "காகிதம் வாங்கப் போனவ எங்கம்மா போய்ட்ட? வண்டி வந்தாச்சு. பொணத்தைப் போட்டுட்டு அங்க என்ன பண்ற?"

"அவனுக்கு இனிமே என்ன அவசரம் சித்தப்பா? அரைமணி நேரம் இருக்கச் சொல்லுங்க," என்று வைத்தாள்.

குருவி திரைக்குப் பின்னால் போனாள். பத்து நிமிஷத்தில் காகிதச் சுருள் வந்தது. டாக்டரம்மா அதில் ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.

"இங்க துடிப்பு லேசாத் தாமதமாகுது. பயப்படாத, முன்னாடியே தெரிஞ்சது நல்லதுதான். இந்த வாரமே வந்து ஸ்கேன் எடுத்துக்க."

"வர்றேன்," என்றாள் குருவி. சட்டைப் பொத்தானைப் போட்டபடியே, "அத்தைக்கும் எடுங்க டாக்டர்," என்றாள்.

"எனக்கெதுக்குடி?"

"கையைக் காட்டுங்கம்மா," என்றார் டாக்டரம்மா.

அக்கா இடது கையை நீட்டினாள். கட்டைவிரல் மற்ற விரல்களைப்போலவே மெலிந்து நீண்டு, இரண்டுக்குப் பதில் மூன்று கணுக்களோடு இருந்தது.

"தம்பிக்குத் தெரிஞ்சே ஆறு வருஷமாச்சு. நீங்க ஒரு தடவைகூட எடுத்துப் பாக்கலியா?"

"எங்க டாக்டர், கடையில கூட்டம்..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நின்றாள்.

அக்கா வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குருவியிடம் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள். கட்டில் விரிப்பில் குருவி படுத்திருந்த சூடு இன்னும் ஆறவில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. சும்மா இருங்க," என்றாள் நர்ஸ்.

வெளியே குருவி குனிந்து, மூலைக்கொன்றாகக் கிடந்த அத்தையின் செருப்புகளைச் சேர்த்து வைத்தாள்.