பிளஸ் என்றால் சினை

பெட்டியைப் பிரித்துக் கருவியை வெளியே எடுத்ததும் பாண்டிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பளம் பொரித்தெடுக்கும் அரிகரண்டிக்குக் கைப்பிடி தடித்துப்போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. இதை மாட்டின் காதருகே கொண்டுபோனால் மாட்டின் ஜாதகமே வந்து விழும் என்று மதுரையில் இரண்டு நாள் உட்காரவைத்துப் பாடம் எடுத்திருந்தார்கள்.

சுந்தரபாண்டியத்தில் அவள் பால் சங்கத்தின் கால்நடைப் பணியாளர். சினை ஊசி போடுவது, சினை பார்ப்பது, காதில் சிப் வைத்த மஞ்சள் டேக் குத்துவது எல்லாம் அவள் தலையில். ஊரார் அந்த டேக்கைக் கம்மல் என்பார்கள். பதினோரு வருஷ வேலை. எந்த வீட்டு மாட்டுக்கு எத்தனையாவது மாசம் என்று கேட்டால், பஸ் நேரம் சொல்வதுபோல் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்தானே.

கருவியை இயக்கிக் கொடுக்க கம்பெனியிலிருந்து பாலகணேஷ் வந்திருந்தார். ராத்திரியே சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். அவர் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தார். ஒரு துடிப்பு, ஒரு பீப். திரையில் இருபது வருஷத்துக்கு முந்தைய தேதி வந்து நின்றது.

"பொறந்த தேதியைக் காட்டுதோ?" என்றாள் பாண்டிசெல்வி.

"தேதியை முதல்ல சரி பண்ணிருவோம்க்கா. இல்லைன்னா நீங்க இன்னைக்குப் பாக்குற மாடெல்லாம் அந்த வருஷத்துக் கணக்குல போயிரும்."

தேதியைத் திருத்தினார். அவளுடைய போனில் புளூடூத்தைத் திறந்து, கருவியின் பெயரைத் தேடி, நான்கு எண்ணைத் தட்டி இரண்டையும் சேர்த்து வைத்தார். பிறகு சங்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலைப் போனுக்கு ஏற்றி, போனிலிருந்து கருவிக்கு அனுப்பினார். டேக் எண், உரிமையாளர் பெயர், கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம்.

"குறிப்புல லேப் ரிசல்ட்டைச் சேத்திருக்கேன். என்ன வாசகம் வரணும்னு நீங்களே போன்ல மாத்திக்கிடலாம். இப்போதைக்கு லேப்ல இருந்து வந்த மாதிரியே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்" என்றாள் அவள். அந்தக் கட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை.

சங்கத்து இரும்புக் கதவோரம் வைத்து ஒரு டேக்கைப் படிக்கப் பார்த்தாள். கருவி வாயே திறக்கவில்லை. இரும்புக்குப் பக்கத்தில் அது அப்படித்தான் என்றார் பாலகணேஷ். நகர்ந்து நின்று, ஒரு சாண் தூரத்தில் காட்டியதும் படித்தது. அவர் மதுரை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். பாண்டிசெல்வி கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். முதல் மாடு நம் வீட்டு மாடாக இருக்கட்டுமே என்ற ஆசைதான்.

அண்ணன் இல்லை, இறந்து நான்கு வருஷமாகிறது. மதினி அழகுத்தாயும் செவலைப் பசுவும் மட்டும்தான். மூன்று வாரமாக மகள் மகாலட்சுமியும் இருந்தாள். ராஜபாளையத்தில் மில் வேலை பார்ப்பவருக்குக் கட்டிக்கொடுத்த பெண். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். மகளும் மாடும் ஒரே மாசக் கணக்கு. "என் வீட்டுல ரெண்டு பேரு. யாரு முந்துறான்னு பாப்போம்" என்று அழகுத்தாய் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவள். இரண்டு வாரத்துக்கு முன் செவலை ஏழாம் மாசத்திலேயே செத்த கன்றை வீசிவிட்டது. அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுப்பதில்லை.

மகாலட்சுமி வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்துவரை துண்டு.

"என்னட்டி, வெயில்ல போத்திக்கிட்டு?"

"சாயங்காலமானா காய்ச்ச வருது அத்தை. நாலு நாளா. இன்னைக்கு மத்தியானமே வந்துருச்சு."

"வளைகாப்பு அலைச்சல், கண்ணேறு, எல்லாம் சேந்து பிடிச்சு ஆட்டுது" என்றாள் அழகுத்தாய். "அது கெடக்கட்டும், இது என்ன கரண்டி?"

பாண்டிசெல்வி பெருமையாகச் செவலையின் இடது காதருகே கருவியை நீட்டினாள். மாடு தலையை ஆட்டியது. மறுபடி நீட்டினாள். கையில் கருவி துடித்தது, பீப் என்றது. முந்நூற்று ஐம்பத்தாறில் தொடங்கி நீளமாக ஓர் எண். அடுத்த வரியில் 'அழகுத்தாய்.' அதற்கடுத்த வரியில் 'புருசெல்லா: +'.

"என் பேரு வருதா?" அழகுத்தாய் எட்டிப் பார்த்தாள்.

பாண்டிசெல்வி மறுபடி பொத்தானை அழுத்தினாள். அதே வரி. கருவியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் அழுத்தினாள். அதே பிளஸ்.

புருசெல்லா என்றால் கன்று வீச்சு நோய். அவளுக்குத் தெரியாத நோயா? சினை மாடு ஆறாம், ஏழாம் மாசத்தில் கன்றை வீசும். அந்தக் கன்றையும் கூடவே விழும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொட்டால் மனுஷருக்கும் ஒட்டும். காய்ச்சல் விட்டு விட்டு வரும். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து. வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சியில் பத்துத் தடவை கேட்டது இது.

ஐந்து மாசத்துக்கு முன் ஊர் மாடுகளுக்கெல்லாம் ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு அவள் போனுக்குப் படமாக வந்தது. டேக் எண்ணும், எதிரே பிளஸ்ஸோ மைனஸோ. மேலே பொடி எழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அவளுடைய நோட்டில் பதினோரு வருஷமாகப் பிளஸ் என்றால் சினை, மைனஸ் என்றால் சினையில்லை. ரத்தத்திலேயே சினை பார்க்கும் சோதனை வந்துவிட்டது என்று வேறு கேள்விப்பட்டிருந்தாள். செவலைக்கு அப்போது ஊசி போட்டு இரண்டு மாசம். பிளஸ்ஸைப் பார்த்த கையோடு மதினிக்குப் போன் போட்டுச் சொன்னாள்: "பாசிட்டிவ் மதினி. நல்ல சேதி."

பாழாய்ப்போன அந்த மாடு உண்மையிலேயே சினையாகவும் இருந்து தொலைத்தது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

"மதினி, கன்னை வீசுச்சே, அப்ப யாரு எடுத்துப் போட்டது?" என்று கேட்டாள் பாண்டிசெல்வி.

"இவதான். நான் பால் ஊத்தப் போயிருந்தேன். பாதி வெளிய வந்து தொங்குச்சாம், பிள்ளை பாவம், இழுத்து எடுத்துருக்கா. இளங்கொடியையும் இவதான் அள்ளிப் போட்டா. நீ மதுரையில இருந்து போன்ல கேட்டியே, இளங்கொடி விழுந்துருச்சா, அப்பச் சரின்னு."

கேட்டாள்தான். இதே கருவிக்கான பயிற்சியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டு, அப்பச் சரி என்று சொன்னாள். பாண்டிசெல்வி மாட்டுத்தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். எவரையாவது திட்டினால் தேவலை போலிருந்தது. திட்டுவதற்கு அவளைத் தவிர அங்கே ஆளில்லை.

மறைக்காமல் சொன்னாள். அழகுத்தாய்க்கு முதலில் விளங்கவே இல்லை.

"நீதானட்டி பாசிட்டிவ்னு சொன்ன?"

"சொன்னேன்."

"நல்ல சேதின்னு சொன்ன!"

"தப்பாச் சொல்லிட்டேன் மதினி. பாசிட்டிவ்னா நோய் இருக்குன்னு அர்த்தம்."

மகாலட்சுமி நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தாள். இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கைகளை வயிற்றில் வைக்கப் போனவள், வைக்காமல் அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூவரும் ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினார்கள். பட்டியலில் பிளஸ் வாங்கியிருந்த இன்னும் இரண்டு வீட்டுக்கு வழியிலேயே பாண்டிசெல்வி போன் போட்டாள். "மாட்டைத் தனியாக் கட்டுங்க. பாலை நல்லாக் கொதிக்க வச்சுக் குடிங்க. கன்னு போட்டா நான் வாரவரைக்கும் கிட்டப் போகாதீங்க" என்றாள். இரண்டு வீட்டிலும் ஒரே கேள்வி: "நீதானம்மா நல்ல சேதின்னு சொன்ன?"

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொன்னார். முதல் சோதனை இன்றைக்கே தெரியும் என்றார். மகாலட்சுமியை உள்ளே படுக்கவைத்தார்கள். வெளியே பெஞ்சில் ஒரு முனையில் அழகுத்தாய், மறுமுனையில் பாண்டிசெல்வி. நடுவில் இரண்டு ஆள் உட்காரலாம். பையில் அந்தக் கருவி கனத்தது. வரும் அவசரத்தில் அதையும் சேர்த்து எடுத்து வந்திருந்தாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து லேப் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"மகாலட்சுமி கூட வந்தவங்க! நெகட்டிவ். டாக்டரைப் பாருங்க."

பாண்டிசெல்விக்கு உயிர் திரும்பி வந்தது. சிரிக்க வாயெடுத்துத் திரும்பினாள். அழகுத்தாய் பெஞ்சில் இல்லை. சுவரோடு சரிந்து தரையில் கிடந்தாள்.

"போச்சா? புள்ள போச்சா?" மார்பில் அடித்துக்கொண்டாள். "பாசிட்டிவ்னா சினைன்னியேட்டி! இப்ப நெகட்டிவ்ங்காகளே! புள்ள இல்லன்னு சொல்லுதாகளே!"

அப்படி இல்லை மதினி, நெகட்டிவ்னா நல்லது என்று நாக்கு நுனிவரை வந்ததைப் பாண்டிசெல்வி விழுங்கினாள். அந்த வார்த்தையைச் சொல்லி நல்லது என்று இன்னொரு தரம் எந்த முகத்தோடு சொல்வது? தரையில் உட்கார்ந்து மதினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, என்னைப் பாருங்க. லட்சுமிக்கு நோய் இல்ல. புள்ள இருக்கு. நல்லா இருக்கு."

"சத்தியமா?"

"சத்தியமா. வாங்க, டாக்டரம்மா வாயாலயே கேட்டுக்கிடுங்க."

டாக்டரம்மா அதையே சொன்னார். காய்ச்சல் நீர்க்கடுப்பால் வந்தது, மாத்திரையில் சரியாகும். ஆனால் தொட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது, மூன்று வாரம் கழித்து ரத்தத்தை இன்னொரு முறை பார்த்தே ஆகவேண்டும். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கவைத்தார். அதைக் கேட்ட பிறகுதான் அழகுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மறுபடி பெஞ்சுக்கு வந்ததும் பாண்டிசெல்வி கருவியை எடுத்து மடியில் வைத்து, போனோடு இணைத்தாள். செவலையின் குறிப்புக் கட்டத்தைத் திறந்தாள். பிளஸ்ஸை அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினாள். பீப் என்றது.

"இதைப் படிங்க மதினி."

அழகுத்தாய் திரையைக் கண்ணுக்கு நேரே பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"நோய் உண்டு. வெறுங்கையால் தொடாதே."

"விளங்குதா?"

"விளங்குது" என்றாள் அழகுத்தாய். கருவியை அவள் மடியிலேயே திருப்பி வைத்தாள். "இம்புட்டுத்தானட்டி. அஞ்சு மாசத்துக்கு முந்தி இதை எங்கிட்டச் சொல்லியிருந்தா என்ன?"

பாண்டிசெல்வி மூன்று வாரம் கழித்து வரும் தேதியைப் போனில் குறித்துக்கொண்டாள்.