கால்வாய்க்கரைக் குப்பைமேனி

என் வீட்டுக்காரர் தேவானந்தத்துக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஆம்பூர் டேனரியில் தோல் பதப்படுத்தும் டிரம்மில் வேலை. குரோம் ரசாயனத் தண்ணீர் பட்டுப் பட்டு இடது கால் விரலிடுக்கில் புண். சர்க்கரை வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்கமாட்டார். மகள் சொன்னால் மட்டும் வேதவாக்கு.

மகள் ஃபீபி அப்போது வேலூரில் தங்கி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். குப்பைமேனி இலை கிருமியை எவ்வளவு கொல்லும், உடம்பின் செல்களைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் அதில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அவள் பாடம். இலை பறித்துத் தரும் உத்தியோகத்தை இவர் தாமாகவே எடுத்துக்கொண்டார். டேனரிக்குப் பின்னால், கழிவுநீர்க் கால்வாய் ஓரத்தில் அது தளதளவென்று மண்டிக்கிடக்கும். ஷிப்ட் முடிந்ததும் டிபன் பாக்ஸ் நிறையப் பறித்துவருவார்.

கிருமி வளர்த்த தட்டில், இலைச்சாறு தோய்த்த காகிதத் துண்டை வைத்துப் பார்த்தாளாம் ஃபீபி. மறுநாள் அதைச் சுற்றிக் கிருமியே இல்லாத அகலமான வளையம். சனிக்கிழமை ஓடிவந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மனுஷன் சர்ச்சில் எழுந்து சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அதே இலையை மஞ்சளோடு அரைத்துப் புண்ணில் கட்டிக்கொண்டார்.

"என் பொண்ணு கண்டுபுடிச்ச மருந்து. உன் ஆஸ்பத்திரிய நீயே வச்சுக்கோ" என்றார்.

கட்டை அவரே அவிழ்ப்பார், அவரே கட்டுவார். என்னைப் பக்கத்தில் விடவில்லை. கேட்டால், "ஆறிக்கினே வருது" என்பார்.

ஃபீபியின் பேராசிரியர் ராமமூர்த்தி வேறு ஊர் இலையையும் சோதிக்கச் சொன்னார். கணியம்பாடியில் என் தங்கை வீட்டுக் கொல்லையில் பறித்துப் போனாள். வளையம் வந்தது, ஆனால் ரொம்பச் சின்னது. சந்தேகப்பட்டுக் கால்வாய்த் தண்ணீரில் மட்டும் தோய்த்த காகிதத்தை வைத்துப் பார்த்தாள். பழைய அகலத்துக்கே வளையம் வந்துவிட்டது. கிருமியைக் கொன்றதில் பெரும்பங்கு இலையுடையது அல்ல, அதில் ஏறியிருந்த டேனரி விஷத்துடையது.

அன்று மத்தியானமே பஸ் பிடித்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் அப்பா காலடியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

"எப்பலேர்ந்துப்பா இப்படி?"

"கட்டின வாரமே எரிச்சல் வந்துச்சு. அப்புறம் கறுத்துப்போச்சு."

"இன்னாத்துக்குப்பா சொல்லல?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆறலன்னு சொன்னா உன் ஆராய்ச்சி கெட்டுப்பூடும்னு நெனச்சேன் பாப்பா."

கோபமும் அழுகையும் எனக்கு ஒன்றாக வந்தன. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரல்களையும் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். புண்ணில் எதைக் கட்டினீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் கட்டலீங்க" என்றார் இவர்.

"குப்பைமேனி, டாக்டர். நான் சொன்ன இலை" என்றாள் ஃபீபி.

படுத்திருந்தவர் முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"பாப்பா மேல தப்பில்லீங்க. நான் பறிச்ச எடந்தான் தப்பு."

விரல் போகப்போகிற நேரத்திலும் மனுஷனுக்கு அந்தக் கவலைதான்.