அரையிறுதிக்கு வேண்டிய கோரிக்கை

எங்கள் ஊரில் போராட்டம் நடக்கிற இடத்தில்தான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். ஆர்ப்பாட்டத்துக்கு ஒரு கோடு. தர்ணாவுக்கு இரண்டு. காலவரையற்ற உண்ணாவிரதம் என்றால் மூன்று கோடு நிலையாக நிற்கும். ஊர்வலத்தில் டவரும் ஊர்வலத்தோடு நடந்துபோகும். பின்தங்கி வருகிறவனுக்குக் கிடைக்காது.

கோரிக்கை உண்மையாக இருக்க வேண்டும். அதை நிறைவேற்றக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். அவர் நிறைவேற்றாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் டவர் போய்விடும். ஒரு கல்யாண வீட்டார், தாலி கட்டுவதைத் துபாயில் இருக்கும் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு வீடியோவில் காட்டுவதற்காக, மண்டப வாசலில் ‘வெயிலைக் கண்டிக்கிறோம்’ என்று பதாகை பிடித்தார்கள். ஒரு கோடுகூட வரவில்லை.

நான் இந்த ஊரில் நாற்பத்தோரு வருடம் போராட்டம் நடத்தியவன். பஞ்சாலை வாசலில் கொடுத்த துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் எனக்குப் படிப்பே வந்தது. பிறகு அவற்றை நானே எழுதினேன். அந்தக் காலத்தில் டவர் கிடையாது. கூட்டத்துக்கு ஆறு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் உளவுப் போலீஸ். இப்போது கூப்பிடாமலே நூறு பேர் வந்து உட்காருகிறார்கள். குனிந்த தலை நிமிர்வதில்லை. நான் கோஷத்தின் முதல் வரியைச் சொன்னால் அடுத்த வரியை யாரோ ஒருவர்தான் சொல்கிறார், அதுவும் ரீசார்ஜ் தீர்ந்துபோனவர்.

நடத்திய எதிலும் நான் ஜெயித்ததில்லை. போனஸ் வருவதற்குள் ஆலையை மூடினார்கள். பாலம் வருவதற்குள் ஆறு போய்விட்டது. அதனால்தான் அறுபது வயது தாண்டியவர்களுக்கான இணையச் சதுரங்கப் போட்டியில் பெயர் கொடுத்தேன். ஆட்டம் நான் ரிமாண்டில் கற்றது. சோப்புக்கட்டியில் செதுக்கிய காய்கள். சாவதற்குள் ஒருமுறை ஜெயித்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் மூன்று சுற்றிலும் எதிராளிகள் பாதியில் காணாமல் போனதால் மேலே வந்தேன். அதையெல்லாம் வெற்றி என்று நான் எழுத மாட்டேன்.

அரையிறுதி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. எதிராளி கோதண்டபாணி, வேறு மாவட்டம், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். அந்த வாரம் தாலுகா அலுவலக வாசலில் சந்தைப் பெண்கள் தர்ணா உட்கார்ந்திருந்தார்கள். சந்தைக்குள் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். ஒன்பது வருடக் கோரிக்கை, நல்ல கோரிக்கை. ஆனால் தர்ணாவின் இரண்டு கோட்டில் குதிரை ஒரு கட்டத்திலிருந்து கிளம்பினால் அடுத்த கட்டத்தில் இறங்க ஒரு நிமிடம் ஆகிறது. உண்ணாவிரதமாக மாற்றலாம் என்று சீனியம்மாளிடம் சொன்னேன். கத்தரிக்காய்க் கடைக்காரி, அவள்தான் அவர்களுக்குத் தலைவி.

“பட்டினி நீங்க கெடங்க அண்ணாச்சி. நாங்க மத்தியானம் யாவாரம் பாக்கணும்.”

நான் மட்டும் உண்ணாவிரதம் இருந்தேன். மூன்றாவது கோடு வந்தது.

ஆட்டம் எனக்குச் சாதகமாகவே போயிற்று. பட்டினி வயிற்றுக்கு யானைகள் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன. பன்னிரண்டேகாலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு நகர்த்தலில் கோதண்டபாணியின் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. என் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் இருந்தது. அப்போது தாசில்தார் ஆரோக்கியசாமி ஒரு காகிதத்தோடு வெளியே வந்தார்.

“உங்க கோரிக்கையை ஏத்துக்கிட்டாச்சு. ஆணை இந்தா இருக்கு. நீங்கதான வாங்கணும் தோழர்?”

நாற்பத்தோரு வருடத்தில் ஓர் அதிகாரி தானாக வெளியே வந்து ஆணை நீட்டியது அதுதான் முதல்முறை. கையை நீட்டுவதா மடக்குவதா என்று எனக்குப் புரியவில்லை. வாங்கினால் டவர் போய்விடும்.

“படித்துப் பார்க்காமல் வாங்குகிற வழக்கம் எங்கள் சங்கத்தில் இல்லை,” என்றேன்.

அவர் பிடித்துக்கொண்டிருக்க, நான் படித்தேன். தாழ்ப்பாள் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை. அதைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் யானையை நகர்த்தினேன்.

“தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?” என்று கேட்டேன்.

“உள்பக்கம்தான்.”

“அதையும் எழுதுங்கள்.”

எழுதினார். நான் மந்திரியால் செக் வைத்தேன். தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வரும் என்று கேட்டேன். அவர் உள்ளே போய்க் கேட்டு வந்து எழுதினார். நான் ஒரு சிப்பாயைத் தள்ளினேன். இனி ஒரே ஒரு நகர்த்தல், ராணியால். கோதண்டபாணி யோசித்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஆட்சேபணை தீர்ந்துவிட்டது.

“அண்ணாச்சி, இன்னும் என்ன?” என்றாள் சீனியம்மாள்.

“வாசல் எந்தத் திசையில் வைப்பார்கள் என்று போடவில்லை.”

“கிழக்க வச்சா என்ன, மேக்க வச்சா என்ன. அங்க என்ன சூரிய நமஸ்காரமா பண்ணப்போறோம்?” பெண்கள் சிரித்தார்கள். “எங்களுக்குக் கக்கூஸ் வேணும். உங்களுக்கு அந்தாளு ராஜா வேணும். நீங்க அதப் பாருங்க, நான் இத வாங்கிக்கிறேன்.”

வாங்கிக்கொண்டாள். மூன்று கோடும் போயின. நூறு தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. சிலரை நான் அன்றுதான் முகத்தோடு பார்த்தேன். கடைசியாகப் பார்த்தபோது என் கடிகாரத்தில் நான்கு நிமிடம் இருந்தது. கோதண்டபாணி நகர்த்தியிருந்தால் அது இந்நேரம் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு அவசரமாக ஒரு கோரிக்கை தேவைப்பட்டது. குடிமனைப் பட்டா என்று கோஷமிட்டேன். வரவில்லை, எனக்குப் பட்டா இருக்கிறது. விலைவாசி என்றேன். அரைக் கோடு வந்து போயிற்று. எனக்கென்று என்ன வேண்டும் என்று நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை, அதனால் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் தணிந்த குரலில் சொன்னேன்.

“என்னை ஒருமுறை ஜெயிக்க விடு.”

மூன்று கோடு வந்தது. கோதண்டபாணி நகர்த்தியிருந்தார். நான் ராணியைத் தொட்டு ராஜாவுக்கு எதிரே வைத்தேன். வைத்ததும் நான் ஜெயித்தவனாகிவிட்டேன். கோரிக்கை நிறைவேறியது, ஆகவே டவர் போயிற்று. டவர் போனதால் நகர்த்தல் போய்ச் சேரவில்லை, ராணி பழைய கட்டத்துக்குத் திரும்பினாள். நான் ஜெயிக்காதவனானேன், மூன்று கோடு வந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி திரும்பினாள். இப்படி ஐந்து முறை. ஜெயித்தவனாக எவ்வளவு நேரம் இருந்தேன், தோற்றவனாக எவ்வளவு நேரம் இருந்தேன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாற்பது விநாடி மிச்சம் இருந்தது.

தாசில்தார் குனிந்து என் போனைப் பார்த்தார்.

“மனு குடுங்க தோழர்.”

“என்ன மனு?”

“ஜெயிக்கணும்னு. கொள்கையளவுல ஏத்துக்கிறேன். கொள்கையளவுல ஏத்துக்கிட்டா டவர் போகாது, இங்க எல்லாருக்கும் தெரியும்.”

சீனியம்மாள் ஆணையின் பின்பக்கத்தைக் காட்டினாள். நான் ஒரு வரி எழுதினேன். அவர் ‘கொள்கையளவில் ஏற்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினோரு விநாடி இருந்தபோது ராணியை வைத்தேன். டவர் போகவில்லை. ராணியும் திரும்பவில்லை. ‘நீங்கள் கொள்கையளவில் வென்றீர்கள். இறுதிப் போட்டி நாளை மாலை நான்கு மணிக்கு’ என்று திரையில் வந்தது. சீனியம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுத்தாள். குடித்தேன். ஜெயித்தவன் குடிப்பதுபோல்தான் குடித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மூன்றரை மணிக்கு ஏதாவது போராட்டம் கிடைக்குமா என்று தாலுகா அலுவலகம் பக்கம் போனேன். வாசலில் பெரிய கூட்டம். நடுவில் கோதண்டபாணியின் ராஜா உட்கார்ந்திருந்தார். வெள்ளை நிறம், என் இடுப்பு உயரம், காலுக்குப் பதிலாக வட்டமான அடிப்பாகம். காலைப் பேருந்தில் வந்ததாகச் சொன்னார்கள்.

“டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்காரு,” என்றாள் சீனியம்மாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்களப் பத்தித்தான் அண்ணாச்சி கோரிக்கை. அந்த செக்மேட்ட ரத்து செய்யணுமாம்.”

நிறைவேற்றக்கூடியவன் நான்தான். நிறைவேற்றாமல் இருப்பவனும் நான்தான். என் போனை எடுத்துப் பார்த்தேன். நான்கு கோடு. எந்தக் கோரிக்கைக்கும் இந்த ஊரில் நான்கு கோடு வந்து நான் பார்த்ததில்லை.

நான்கு மணியாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ராஜாவுக்குக் கோஷம் போட்டுப் பழக்கமில்லை, வாயைத் திறந்து திறந்து மூடினார். முதல் வரியை நானே எடுத்துக் கொடுத்தேன்.